இரண்டாவது சீட்டுக்கு எவ்வளவு?

ஹெவி லைசென்ஸ் கையில் வர அரசுக்குக் கட்ட வேண்டியது எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடலாம். கார் லைசென்ஸ் இல்லாமல் ஹெவிக்குப் போக முடியாது. அதற்கு எல்.எல்.ஆர். கட்டணம் 150, அதன் தேர்வுக்கு 50, வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு 300, லைசென்ஸுக்கு 200. ஆக 700. பிறகு ஹெவிக்கு மறுபடியும் 150, 50, 300. இருக்கிற லைசென்ஸில் புது வகையைச் சேர்க்க 500. ஆக 1,000. இரண்டும் சேர்ந்து 1,700 ரூபாய். 2016 டிசம்பர் கடைசியில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின் கட்டணம் இது. மாநிலத்தின் சேவைக் கட்டணமும் அட்டைச் செலவும் தனி.

இந்த 1,700 ரூபாய்க் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு பையன் பெங்களூர் யஷ்வந்த்பூரிலோ கலாசிபாளையத்திலோ பீன்யாவிலோ புக்கிங் ஆபீஸ் புக்கிங் ஆபீஸாக ஏறி இறங்குகிறான் என்று வையுங்கள். அவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி ஒன்றுதான்: “லைன்ல ஓட்டியிருக்கியா தம்பி?” ஓட்டியிருக்க மாட்டான். ஓட்டினால்தான் பழகலாம், பழகியிருந்தால்தான் வண்டி கொடுப்பார்கள். நடுவில் நிற்கிற அந்த மாதங்களுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கணக்கு.

நாட்டில் டிரைவர் பஞ்சம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2019 ஜூனில், டிரைவர் லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு தேவையில்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்தபோது, போக்குவரத்துத் துறையில் சுமார் 22 லட்சம் டிரைவர்கள் குறைவாக இருக்கிறார்கள் என்ற எண்ணையும் சேர்த்தே சொன்னது. நிதி ஆயோக் 2022ல் வெளியிட்ட அறிக்கைப்படி இந்தியாவில் ஓடும் லாரிகள் சுமார் 40 லட்சம். உள்நாட்டுச் சரக்கில் 70 சதவீதம் அவற்றின் முதுகில்தான் போகிறது. இவ்வளவு பஞ்சத்துக்கு நடுவில் லைசென்ஸ் எடுத்த ஒருவன் வேலைக்குக் காத்திருக்கிறான் என்றால், பஞ்சம் ஆளுக்கு இல்லை, பழகிய ஆளுக்கு.

முதலில் சட்டமே காக்க வைக்கும் காலம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயதில் கார் ஓட்டலாம். கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆனால்தான் சரக்கு வண்டிக்கு எல்.எல்.ஆர். கிடைக்கும். அதிலும் 20 வயது நிரம்ப வேண்டும். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழியாமல் தேர்வுக்குப் போக முடியாது, அந்த எல்.எல்.ஆரின் ஆயுள் 6 மாதம். டிரைவிங் ஸ்கூலில் குறைந்தது 30 நாள் பயிற்சி, பள்ளி தரும் படிவம் 5 சான்றிதழ், மருத்துவர் தரும் படிவம் 1ஏ. இதெல்லாம் சேர்ந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல் திறக்கும்.

இந்த 30 நாளில் அவன் உண்மையில் ஸ்டீயரிங் பிடிக்கும் நேரம் எவ்வளவு? மத்திய மோட்டார் வாகன விதி 31 சொல்லும் குறைந்தபட்சம் 15 மணி நேரம். கார் கற்பவருக்கு 10 மணி நேரம். ஒரு டன் கார் ஓட்டுவதற்கும் இருபத்தெட்டு டன் லாரி ஓட்டுவதற்கும் சட்டம் வைத்திருக்கும் இடைவெளி வெறும் 5 மணி நேரம். ஊருக்கு வெளியே, ஸ்கூல் லாரி மணிக்குச் சராசரி 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 15 மணி நேரத்தில் 450 கிலோமீட்டர். சேவ்லைஃப் அறக்கட்டளை 2020ல் பத்து நகரங்களில் லாரி டிரைவர்களிடம் எடுத்த ஆய்வில், ஒரு டிரைவர் ஒரு நாளில் சராசரியாகச் சுமார் 12 மணி நேரத்தில் 417 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று தெரிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டம் கேட்கும் மொத்தப் பயிற்சியின் தூரம், தொழிலில் ஒரே ஒரு நாளின் வேலை. தொழிலுக்குள் நுழைகிறவனின் கையில் இருப்பது ஒரு நாள் அனுபவம்தான். அவனுக்கு வண்டி கொடுக்கத் தயங்கும் முதலாளி மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

2021 ஜூலை 1 முதல் அங்கீகாரம் பெற்ற டிரைவிங் பயிற்சி மையங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. கனரக வண்டிக்கு 6 வாரத்தில் 38 மணி நேரம், வகுப்பறையும் சேர்த்து. சமவெளியில் மையம் வைக்க 2 ஏக்கர் நிலம், சிமுலேட்டர், தேர்வுத் தடம் எல்லாம் வேண்டும். முன்னேற்றம்தான். நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்தும் டிரைவர் பயிற்சி நிலையம் 1995லிருந்து இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் தமிழ்நாடு சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் மையமும் உண்டு. பெங்களூரில் காத்திருக்கும் தமிழ்ப் பையனுக்கு நாமக்கல் சுமார் 250 கிலோமீட்டர். தங்கிப் படிக்க முடிந்தால் அங்கே போவது நல்லது என்றே சொல்வேன். ஆனால் எந்த மையத்தின் தடத்திலும் கற்றுக்கொள்ள முடியாத ஒன்று இருக்கிறது. அதுதான் லோடு.

எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டும் வண்டியின் முன்னும் பின்னும் எல் போர்டு இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணி, 18 சென்டிமீட்டர் சதுரம். சிவப்பு எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், 2 சென்டிமீட்டர் தடிமன், அடியில் 9 சென்டிமீட்டர் அகலம். பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அட்டையின் அளவை சென்டிமீட்டர் வரைக்கும் எழுதிவைத்த விதி இது. ஆனால் சரக்கு வண்டி இன்சூரன்ஸ் பாலிசியின் டிரைவர் பிரிவைப் படித்துப் பார்த்தால் இன்னொரு நிபந்தனை தெரியும்: விபத்து நடக்கும் நேரத்தில் வண்டி சரக்கு ஏற்றிப் போகாமல் இருந்தால்தான் எல்.எல்.ஆர். காரர் ஓட்டியதற்குப் பாதுகாப்பு. அதாவது எம்டி வண்டியில் பழகலாம். லோடு வண்டியில் கை வைத்தால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும்.

பாலிசி எழுதியவர்களின் பயம் நியாயமானதுதான். ஆனால் விளைவு என்ன? லோடோடு ஓடும் லாரியை ஒருவன் வாழ்க்கையில் முதன்முதலாக ஓட்டுவது, லைசென்ஸ் வாங்கிய பிறகுதான். அப்போது பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. தேர்வில் தேறிய மறுநாள் காலை அவன் தனியாக 28.5 டன் வண்டியோடு ரோட்டுக்கு வரலாம்.

எம்டிக்கும் லோடுக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணில் காட்டுகிறேன். மூன்று அச்சு, பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 2018 ஜூலை 16 வரைக்கும் 25 டன். அன்று வந்த அறிவிப்பில் 28.5 டன் ஆனது. இரண்டு அச்சு வண்டிக்கு 16.2லிருந்து 18.5, பெரிய ட்ரெய்லருக்கு 49லிருந்து 55. ஒரே நாளில் ஒவ்வொரு வண்டியும் டன் கணக்கில் கூடுதலாகச் சுமக்கலாம் என்றானது. டிரைவரின் 15 மணி நேரம் மட்டும் 15 மணி நேரமாகவே இருந்தது. எம்டியாகப் போகும் பத்துச் சக்கர வண்டி சுமார் 10 டன். லோடு ஏறினால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பிரேக் டிரம் அதே டிரம். லைனிங் அதே லைனிங்.

பெங்களூர்க்காரனுக்கு இது ஏன் மற்ற ஊர்க்காரனைவிட முக்கியம் என்றால், பெங்களூர் மேட்டில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. அத்திப்பள்ளியைத் தாண்டி ஒசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக 44ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுவதற்குள் 600 மீட்டர் இறங்கியாக வேண்டும். மங்களூர் பக்கம் போனால் சிராடி மலைப்பாதை. சாம்ராஜ்நகர் வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் திம்பம், 27 கொண்டை ஊசி வளைவு. 2022 பிப்ரவரி 10 முதல் இரவில் அந்தப் பாதை அடைப்பு. ஊட்டி, கேரளா பக்கமென்றால் பந்திப்பூர், 2009லிருந்து இரவு 9 முதல் காலை 6 வரை தடை. பெங்களூரிலிருந்து தெற்கே, மேற்கே எந்த லைன் கிடைத்தாலும் புது டிரைவரின் முதல் பாடம் இறக்கம்.

ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியை நிறுத்தினால், அந்த ஓட்டத்தின் சக்தி முழுவதும் பிரேக்கில் சூடாக மாறுகிறது. அதே வண்டி வெறும் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி அதைப்போல 7 மடங்கு. அதாவது 100 மீட்டர் இறக்கத்தை முழுக்க பிரேக்கை மிதித்தே இறங்குகிறவர், 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை இடைவெளியே இல்லாமல் ஏழு தடவை நிறுத்தியதற்குச் சமமான சூட்டை டிரம்மில் ஏற்றுகிறார். 28.5 டன் வண்டியில் அந்தச் சூடு சுமார் 28 மெகாஜூல். எம்டி வண்டியில் 10 மெகாஜூல் அளவுக்குத்தான். எம்டியில் பழகியவனின் காலுக்குத் தெரிந்தது அந்தப் பத்துதான்.

சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் டிரம்மைச் சூடாக்காமல் எப்படி இறங்குவது என்று அனுபவப்பட்ட டிரைவரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே அவர் வேகத்தைக் குறைத்து, இதே மேட்டை ஏறுவதாக இருந்தால் எந்த கியரில் ஏறுவாரோ அந்த கியருக்கு வந்துவிடுவார். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுவார். எஞ்சின் முக்கிக்கொண்டு வண்டியைப் பிடித்து நிறுத்தும். காலை பிரேக் மேல் வைத்துக்கொண்டே இருக்க மாட்டார். கொஞ்சம் அழுத்தி, வேகம் இறங்கியதும் விட்டுவிடுவார். கண் டேஷ்போர்டில் காற்றழுத்த முள்ளுக்கு ஒரு தடவை போய் வரும். ஏர் பிரேக்கில் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் காற்று செலவு. மிதித்துக்கொண்டே இருந்தால் முள் இறங்கும். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தாலும் அவர் அவசரப்படுவதில்லை. இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத ரகசியமில்லை. ஆனால் தொடையிலும் காதிலும் ஏற வேண்டிய பாடம்.

பழகாதவன் செய்வது நியூட்ரல். கியரைக் கழற்றிவிட்டு உருட்டினால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக வருகிறது. இன்றைய பிஎஸ் 6 எஞ்சினில் அந்த மிச்சமும் இல்லை: கியரில் இருந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குப் போகும் டீசலை கம்ப்யூட்டரே நிறுத்திவிடுகிறது, நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு டீசல் போகிறது. மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறான். கூடவே எஞ்சின் கொடுக்கும் பிடியையும் இழக்கிறான். 2024 ஜனவரி 24 அன்று தொப்பூரில் கட்டுப்பாட்டை இழந்த ஒரு லாரி முன்னால் போன வண்டிகளில் மோதி 4 பேர் உயிர் போனது. அந்தக் கணவாயில் இது முதலும் இல்லை. அங்கே 6.6 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை போட ஒதுக்கிய தொகை சுமார் 775 கோடி ரூபாய். அந்தச் சாலை வேண்டும். சீக்கிரம் முடிய வேண்டும். அந்த 775 கோடியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முதலாளியின் நோட்டுப் புத்தகத்துக்கு வருவோம். லாரித் தொழிலில் பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள். ஒருவர் பத்துச் சக்கர வண்டிக்கு 30 லட்சம் கடன் வாங்கியிருக்கிறார், வட்டி 10 சதவீதம், 60 மாதம் என்று வைத்தால், மாத டியூ 63,741 ரூபாய். நாளுக்கு 2,125. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 20 முதல் 40 டன் வண்டிக்கு வருஷம் 43,950, நாளுக்கு 120. நேஷனல் பர்மிட் வருஷம் 16,500, நாளுக்கு 45. டயர், ரோட்டு வரி, டிரைவர் சம்பளம் எதையும் சேர்க்காமலே, வண்டி சும்மா நின்றால் ஒரு நாள் நஷ்டம் 2,290 ரூபாய். எம்டி வண்டியில் பழக்கிக்கொடு என்று சொல்வது இந்த 2,290ஐ நாள்தோறும் இழக்கச் சொல்வது. ஆறு நாள் பழக்கினால் 13,740.

லோடோடு பழக்கினால் டீசல் கணக்கு வருகிறது. கர்நாடகம் 2025 ஏப்ரல் 1 அன்று டீசல் மீதான விற்பனை வரியை 18.44லிருந்து 21.17 சதவீதமாக உயர்த்தியதும் பெங்களூரில் லிட்டர் 91 ரூபாயைத் தொட்டது; அதை எதிர்த்து அந்த மாதம் 14ஆம் தேதி நள்ளிரவிலிருந்து லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். லிட்டருக்கு 2 ரூபாய் ஏறினால் வண்டிகள் நிற்கும் அளவுக்கு மெல்லிய லாபத்தில் ஓடும் தொழில் இது. பெங்களூரிலிருந்து சென்னைக்கு 350 கிலோமீட்டர். கை பழகிய டிரைவர் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 87.5 லிட்டர், 7,962 ரூபாய். கியரைத் தப்பும் தவறுமாக மாற்றும் புதியவர் 3.5 கொடுத்தால் 100 லிட்டர், 9,100 ரூபாய். ஒரு நடைக்கு 1,138 ரூபாய் வித்தியாசம். உரிமையாளர் புதியவரைப் பார்க்கும்போது அவர் கண்ணில் படுவது இந்தத் தொகை.

முன்பு இந்தச் செலவை யார் தாங்கினார்கள்? கிளீனர்கள் தாங்கினார்கள், தங்கள் உடம்பால். தார்ப்பாய் கட்டுவது, கயிறு இழுப்பது, டயர் தட்டிப் பார்ப்பது, ஸ்டெப்னி மாற்றுவது, ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கி நின்று சத்தம் கொடுப்பது என்று இரண்டு மூன்று வருஷம். ராத்திரி ரோடு காலியாகக் கிடக்கும்போது, “வாடா, இந்த டோல் வரைக்கும் பிடி” என்று டிரைவர் அண்ணன் சீட்டைக் கொடுப்பார். அது சட்டப்படி சரியில்லை. கூலி சொற்பம், அடி உதையும் இருந்தது, படிப்பை விட்ட சிறுவர்கள் அதில் சிக்கினார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த கேபினில் இரண்டாவது சீட் ஒன்று இருந்தது; அதில் உட்கார்ந்தவன் லோடு வண்டியின் சத்தத்தை ஆயிரக்கணக்கான மணி நேரம் கேட்டான்.

சட்டத்திலும் அந்த சீட் இருந்தது. நேஷனல் பர்மிட் வண்டிக்குக் குறைந்தது இரண்டு டிரைவர்கள் வேண்டும், மாற்று டிரைவர் நீட்டிப் படுக்க டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முழு அகலத்துக்குப் படுக்கை வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 90 சொன்னது. 2018ல் இரண்டு டிரைவர் கட்டாயம் நீக்கப்பட்டது. டிரைவர் கிடைக்காத நிலையில் அந்த விதியை யாரும் பின்பற்ற முடியவில்லை என்பது உண்மைதான். ஆனால் லோடு வரம்பைக் கூட்டியதும், இரண்டாவது டிரைவரை நீக்கியதும் ஒரே வருஷத்தில் நடந்தன. எடை ஏறியது, ஆள் குறைந்தது. புதிதாக வருகிறவன் உட்கார்ந்து கற்றுக்கொள்ள இருந்த ஒரே சட்டபூர்வமான இடமும் போனது.

இப்போது காத்திருக்கும் பையனின் கணக்கு. பெங்களூரில் நாலைந்து பேரோடு சேர்ந்து அறை எடுத்தால் பங்கு 2,500, சாப்பாட்டுக்கு நாளுக்கு 150 வீதம் 4,500, போனுக்கு 300. மாதம் 7,300. இந்திரா கேன்டீன் 2017 ஆகஸ்டில் தொடங்கியபோது காலை டிபன் 5 ரூபாய், மதியமும் இரவும் 10 ரூபாய். அந்த 25 ரூபாயில் நாளை ஓட்ட முடிகிறவர்களுக்குச் செலவு இன்னும் குறையும். மூன்று மாதம் காத்திருந்தால் 21,900. டிரைவிங் ஸ்கூலுக்கு 10,000 என்று வைக்கிறேன். இடத்துக்கு இடம் மாறும். அரசுக் கட்டணம் 1,700. ஆக 33,600. இதோடு அந்த மூன்று மாதம் வராமல் போன சம்பளம். சேவ்லைஃப் ஆய்வில் 53 சதவீத டிரைவர்கள் மாதம் 10,000 முதல் 20,000 வரை வாங்குவதாகச் சொன்னார்கள். நடுவில் 15,000 என்று எடுத்தால் 45,000. எல்லாம் சேர்த்து 78,600 ரூபாய்.

பெரும்பாலானவர்கள் இந்தச் செலவைத் தாங்க முடியாமல் சின்ன வண்டிக்குப் போய்விடுகிறார்கள். அதற்கும் இப்போது வழி தெளிவாக இருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டியைக் கார் லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் சொன்னது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை உறுதிசெய்தது. ஹெவி லைசென்ஸை பர்ஸில் வைத்துக்கொண்டு டாடா ஏஸில் தண்ணீர் கேனும் பார்சலும் ஏற்றுகிறவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நகரத்துக்குள் ஓட்டிய அனுபவம் வீணும் இல்லை. கண்ணாடி பார்ப்பதும் சந்துக்குள் ரிவர்ஸ் எடுப்பதும் கையில் ஏறும். ஆனால் ஏர் பிரேக்கோ, லோடோ, கணவாயோ அதில் ஏறாது.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கணக்கிடுகின்றன? ஐரோப்பிய ஒன்றியம் 2003ல் கொண்டுவந்த நெறிமுறைப்படி தொழில்முறை லாரி டிரைவருக்கு ஆரம்பத் தகுதிப் பயிற்சி 280 மணி நேரம், சுருக்கப் பாடத்தில் 140. பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை 35 மணி நேரம். ஆனால் அந்த 280ல் தனியாக ஸ்டீயரிங் பிடிப்பது குறைந்தது 20 மணி நேரம்தான், 140ல் 10. எனவே நம் 15 மணி நேரத்தை மட்டும் காட்டி நாம் மோசம் என்று சொல்வது சரியாகாது. எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுவது அமெரிக்கா 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்காக 2021 சட்டத்தில் வைத்த பழகுநர் திட்டம்: அனுபவமுள்ள டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முதலில் 120 மணி நேரம், பிறகு 280 மணி நேரம், ஆக 400 மணி நேரம் வேலை, அதில் 240 மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. லைசென்ஸ் வாங்கிய பிறகும் பக்கத்து சீட்டை நிரப்பி வைக்கச் சொன்னார்கள். நம்மிடம் இல்லாதது அதுதான்.

அந்த சீட்டை நாம் நிரப்பினால் என்ன செலவாகும்? லைசென்ஸ் வாங்கிய ஒருவரை 60 நாள் லைனில், சம்பளத்தோடு, அனுபவமுள்ள டிரைவர் பக்கத்தில் உட்கார வைக்கிறோம். நாளுக்கு 500 வீதம் 30,000 ரூபாய். வண்டி நாளுக்கு 400 கிலோமீட்டர் ஓடினால் 60 நாளில் 24,000. அதில் மூன்றில் ஒரு பங்கைப் புதியவர் ஓட்டட்டும்: 8,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 4க்குப் பதில் 3.5 கொடுத்தால் கூடுதலாக 286 லிட்டர், 26,000 ரூபாய். மொத்தம் 56,000. அவர் லைசென்ஸ் பெற்றவர் என்பதால் லோடு வண்டியில் ஓட்டினாலும் இன்சூரன்ஸுக்குச் சிக்கல் இல்லை. 60 நாளும் வண்டி நிற்காமல் சம்பாதிக்கிறது. முதலாளிக்கு ஒரு மாத டியூவைவிடக் குறைவு. பையன் லைசென்ஸுக்கும் காத்திருப்புக்கும் சேர்த்து இழந்த 78,600ஐவிடவும் 22,600 குறைவு. இன்றைய ஏற்பாட்டில் கற்றுக்கொடுப்பதைவிடக் காக்க வைப்பதுதான் விலை அதிகம். அந்த விலையைக் கொடுப்பவர்கள் இந்தக் கணக்கில் மிகவும் ஏழையானவர்கள். தொப்பூர்ச் சாலைக்கான 775 கோடியை இந்த 56,000ஆல் வகுத்தால் 1,38,000க்கும் மேல் வருகிறது. அத்தனை பேரை இரண்டு மாதம் சம்பளத்தோடு பழக்கலாம்.

இதற்கு அரசிடம் கதவே இல்லையா என்றால், பாதிக் கதவு இருக்கிறது. தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் 2016ல் வந்தது. பழகுநருக்குக் கொடுக்கும் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் அதிகபட்சம் 1,500 ரூபாய் மத்திய அரசு ஏற்கும். இரண்டு மாதத்துக்கு 3,000; மேலே சொன்ன 30,000ல் பத்தில் ஒன்று. ஆனால் பழகுநர் சட்டத்துக்குள் வர ஒரு நிறுவனத்தில் குறைந்தது 4 பேர் வேலை செய்ய வேண்டும். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரம் 48 மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேர ஓய்வு என்றெல்லாம் எழுதியது. அது வைத்திருந்த வரம்பு 5 தொழிலாளர்கள். ஒரு வண்டி வைத்திருக்கும் உரிமையாளரும் அவருடைய டிரைவரும் இந்த இரண்டு எண்ணுக்கும் வெளியே நிற்கிறார்கள். தொழிலில் பெரும்பாலோர் அவர்கள்தான். லாரி உரிமையாளர் சங்கங்களைப் பயிற்சி நிறுவனமாகப் பதிவு செய்து, சங்கத்தின் பெயரில் பழகுநரை எடுத்து, உறுப்பினர்களின் வண்டியில் ஏற்றினால் இந்த வரம்பைத் தாண்டலாம் என்பது என் எண்ணம். யஷ்வந்த்பூர், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு மாதிரி சங்கம் பலமாக உள்ள இடங்களில் செய்து பார்க்கலாம்.

கூலியும் பாதுகாப்பும் சரியாகாமல் ஆள் வர மாட்டார்கள் என்பதும் உண்மை. அதே 2020 ஆய்வில் 84 சதவீத டிரைவர்கள் இந்தத் தொழிலைத் தங்கள் வீட்டாருக்கோ உறவினருக்கோ பரிந்துரைக்க மாட்டோம் என்றார்கள். 2022ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் லாரியில் இருந்தவர்கள் 10,584. நாளுக்கு 29 பேர். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று வந்திருப்பது நல்ல செய்தி. நாற்பது டிகிரி வெயிலில் எஞ்சின் சூட்டோடு உட்கார்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இன்று டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கும் தம்பிக்கு ஒரு விஷயம். ஸ்கூல் நடத்துகிறவர் படிவம் 15 என்று ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். நீ எந்தத் தேதியில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த வகை வண்டி ஓட்டினாய் என்று அதில் எழுத வேண்டும். கற்றுக்கொடுத்தவரும் நீயும் கையெழுத்துப் போட வேண்டும். நாலு பேரை ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு போய், ஆளுக்குக் கால் மணி நேரம் கொடுத்துவிட்டு, நாலு பேர் பெயரிலும் ஒரு மணி நேரம் எழுதினால் உன் 15 மணி நேரம் நாலு மணி நேரத்துக்கும் கீழே போய்விடும். அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார். ஓட்டிய நேரத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடு. மிச்ச மணி நேரம் பாக்கியிருந்தால், படிவம் 5 வாங்குவதற்கு முன்னால் அதை ஓட்டி முடித்துக்கொள். காசு கட்டியது நீ.